ஏ, பி, பி எடுத்தும் இசட் புள்ளி ஏன் குறைந்தது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து 20 வயதுப் பிள்ளை ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், பாடசாலை, ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டாம் தரம் எழுதியிருக்கிறார். முதல் முறை ஒரு சி, இரண்டு எஸ். இந்த முறை உயிரியலுக்கு ஏ, இரசாயனவியலுக்கு பி, பௌதிகவியலுக்கு பி. பெறுபேறு வந்த அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினார்களாம். மறுநாள்தான் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளியைக் கவனித்திருக்கிறார்: 1.5127. அதே ரியூசன் வகுப்பில் பக்கத்தில் இருந்து படித்த தோழிக்கு ஏ, பி, சி. ஆனால் அவருடைய இசட் புள்ளி 1.6018. "என்னைவிட ஒரு பாடத்தில் குறைந்த சித்தி எடுத்தவள் எப்படி என்னைத் தாண்டினாள், ரீச்சர்? கணினியில் பிழை நடந்திருக்குமா?" என்று கேட்கிறார்.

கடந்த முறை மருத்துவத்துக்கு அவருடைய மாவட்டத்தில் வந்த வெட்டுப்புள்ளி, அதாவது கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி, இவருடைய புள்ளியைவிட ஏறத்தாழ 0.04 கூடுதலாம். அதனால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அம்மா மீள்பரிசீலனைக்குப் போடச் சொல்கிறார். மாமா, "முல்லைத்தீவில் போய் மூன்றாம் தரம் எழுது, அங்கே வெட்டுப்புள்ளி குறைவு" என்கிறார். ரியூசன் நண்பர்களோ பௌதிகவியலை மட்டும் திரும்ப எழுதி ஏ எடுத்தால் போதும் என்கிறார்கள். எழுபது வயது கடந்த அம்மப்பா, "இதெல்லாம் பழைய தரப்படுத்தல்தான். தமிழில் எழுதினால் புள்ளியைக் குறைப்பார்கள்" என்று சொல்லிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். அவர் 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்தைத் தவறவிட்டவர். கொழும்பில் இருக்கும் மச்சாள், "எங்களுக்கு 1.8 எடுத்தாலும் கிடைக்காது, உங்களுக்கெல்லாம் சலுகை" என்று அனுப்பிய குறுஞ்செய்தியையும் எழுதியிருக்கிறார். அப்பா கடற்றொழில். இன்னொரு வருட ரியூசன் செலவை எப்படித் தாங்குவது என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் யோசிக்கிறார்கள் என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் ஒன்று. சியிலும் எஸ்ஸிலும் இருந்து ஒரே முறையில் ஏ, பி, பிக்கு ஏறியிருக்கிறீர்கள். பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து இதைச் செய்ததாகக் கடிதத்தின் ஓரத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் இணைந்த கணிதம் படிப்பித்தவள். அந்த ஏற்றம் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். பாயாசம் காய்ச்சியது சரிதான். அதை மறுநாள் திரும்பப் பெற வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணினியில் பிழை நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஏ, பி, சி என்ற எழுத்துகளும் இசட் புள்ளியும் இரண்டு வேறு அளவுகோல்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கணிக்கப் போனதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கிறது.

எழுத்து மறைப்பதை இசட் காட்டுகிறது

75 புள்ளியும் அதற்கு மேலும் ஏ. 65 முதல் 74 வரை பி. 55 முதல் 64 வரை சி. 35 முதல் 54 வரை எஸ். 35க்குக் கீழே சித்தியில்லை. இந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய பெட்டி மாதிரி. 76 எடுத்தவரும் 96 எடுத்தவரும் ஏ என்ற ஒரே பெட்டிக்குள் விழுகிறார்கள். 64 எடுத்தவரும் 65 எடுத்தவரும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டு பெட்டிகளுக்குப் போகிறார்கள். பெறுபேற்றுத் தாளில் பெட்டியின் பெயர் மட்டும்தான் வரும். உள்ளே எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பது வராது.

இசட் புள்ளி பெட்டியைப் பார்ப்பதில்லை. உங்கள் உண்மையான புள்ளியை எடுத்து, அந்தப் பாடத்தை அந்த வருடம் எழுதிய எல்லோருடைய சராசரியையும் அதிலிருந்து கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவால், வகுக்கிறது. மூன்று பாடங்களுக்கும் தனித்தனியே இதைச் செய்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் பெறுபேற்றில் நான்கு தசம தானங்களோடு நிற்கும் அந்த எண் வரும்.

உங்களையும் தோழியையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் எல்லாம் விளங்குவதற்காக நான் கற்பனையாக வைத்தவை. உயிரியலின் சராசரி 46, நியம விலகல் 20 என்று வைப்போம். இரசாயனவியல் 40, 16. பௌதிகவியல் 38, 18. நீங்கள் உயிரியலில் 76, இரசாயனவியலில் 66, பௌதிகவியலில் 65 எடுத்திருந்தால் உங்களுக்கு வருவது 1.5, 1.625, 1.5. சராசரி ஏறத்தாழ 1.54. தோழி 86, 70, 63 எடுத்திருந்தால் அவருக்கு 2.0, 1.875, 1.39. சராசரி ஏறத்தாழ 1.75. எழுத்தில் நீங்கள் ஏ, பி, பி. அவர் ஏ, பி, சி. ஆனால் பௌதிகவியலில் உங்களுக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டே புள்ளி. உயிரியலில் அவர் பத்துப் புள்ளி முன்னே. எழுத்துகள் அந்த இரண்டு புள்ளியைப் பெரிதாகக் காட்டி, பத்துப் புள்ளியை முழுவதுமாக மறைத்துவிட்டன.

தோழிக்கும் உங்களுக்கும் உண்மையில் நடந்தது இதேபோல ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவர் உங்களை எங்கேயோ ஓர் இருட்டு வழியால் தாண்டவில்லை. அதே வகுப்பில் இன்னும் கொஞ்சக் காலம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கப்போகிற இரண்டு பிள்ளைகள் நீங்கள். அதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

இன்னொரு விடயம். ஏன் புள்ளிகளை நேரே கூட்டாமல் இந்தச் சுற்றுவழி? பாடங்கள் ஒரே கடினமாக இல்லை என்பதால்தான். சராசரி 60, நியம விலகல் 10 உள்ள ஒரு பாடத்தில் 70 எடுத்தால் இசட் 1. சராசரி 40, நியம விலகல் 16 உள்ள கடினமான பாடத்தில் 60 எடுத்தால் 1.25. நேரே கூட்டினால் இலகுவான பாடம் எடுத்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். முன்பு நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளியை வைத்துத் தெரிவு நடந்த காலத்தில் இருந்த குறை அதுதான். 2001 முதல் இசட் புள்ளி நடைமுறைக்கு வந்தது. இதற்கும் குறைகள் உண்டு. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகப் போட்டு இசட் கணித்தார்கள். வேறு வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒரே கூட்டமாகப் பார்ப்பது பிழை என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் தனித்தனியே கணிக்கச் சொன்னது, பெறுபேறு திரும்ப வந்தது. அதனால், கேள்வி கேட்பது உங்கள் உரிமை. உங்கள் விடயத்தில் கேள்விக்கு விடை கணக்கிலேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மப்பா சொன்னதைப் பற்றி

இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும். உங்கள் அம்மப்பா கற்பனை செய்து பேசவில்லை. 1971இல் மருத்துவத்துக்குத் தெரிவு நடந்தபோது தமிழ் மொழி மூலம் எழுதியவர்களுக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூலம் எழுதியவர்களுக்கு 229 போதுமாக இருந்தது. 21 புள்ளி. அந்த 21 புள்ளிக்குள் எத்தனை பேருடைய வாழ்க்கை திசை மாறியது என்பதை அந்தத் தலைமுறையோடு பேசியவர்களுக்குத்தான் தெரியும். பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு என்று முறை மாறிக்கொண்டே போனது. அதில் யாழ்ப்பாணம் இழந்தது. மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பிள்ளைகளுக்கும்தான், கொஞ்சம் வாசல் திறந்தது. வரலாறு ஒரே நிறத்தில் இல்லை.

ஆனால் இன்றைய இசட் புள்ளி அந்தத் தரப்படுத்தல் அல்ல. நீங்கள் தமிழில் எழுதினீர்களா, சிங்களத்தில் எழுதினீர்களா, ஆங்கிலத்தில் எழுதினீர்களா என்று அது பார்ப்பதில்லை. உயிரியல் எழுதிய எல்லோரும் ஒரே கூட்டம், ஒரே சராசரி, ஒரே நியம விலகல். மொழிக்கென்று கூட்டவோ கழிக்கவோ அதில் இடமில்லை. அம்மப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் "நீங்கள் சொல்வது பிழை" என்று தொடங்க வேண்டாம். அவருக்கு எத்தனை புள்ளி வந்தது, எந்தப் பீடம் கைவிட்டுப் போனது என்று முதலில் கேளுங்கள். அன்று அவர் சாப்பிடாமல் படுத்தது உங்கள் 1.5127க்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

மாவட்டமும் மச்சாளின் குறுஞ்செய்தியும்

சில பாடநெறிகள் தவிர, பெரும்பாலானவற்றுக்கு இடங்கள் மூன்றாகப் பிரிகின்றன. 40 வீதம் நாடு முழுவதும் இசட் புள்ளியின் வரிசைப்படி. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அடையாளம் கண்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பு அந்த 16இல் ஒன்று.

அதனால் மச்சாள் சொன்னதில் கணக்கு சரி. ஒரே புள்ளிக்குக் கொழும்பில் கிடைக்காத இடம் உங்கள் மாவட்டத்தில் கிடைக்கலாம். ஆனால் அதைச் சலுகை என்ற சொல்லால் அழைப்பதை நான் ஏற்கவில்லை. கொழும்பின் பெரிய பாடசாலையில் ஆய்வுகூடமும் பாடத்துக்கு ஓர் ஆசிரியரும் இருந்து எடுத்த 1.8, நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலையில் எடுத்த 1.5, இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? 55 வீத ஒதுக்கீடு அந்தக் கேள்விக்கு அரசு சொல்லும் பதில். பூரணமான பதில் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை பின்தங்கிய மாவட்டத்திலும் இருக்கிறார், தோட்டப்புற லயத்திலிருந்து வரும் பிள்ளை நகரப் பாடசாலையிலும் இருக்கிறார். மாவட்டம் என்ற கோடு இவர்களைப் பிரித்துப் பார்க்காது. அதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. மச்சாளோடு சண்டை போடவும் வேண்டாம். அவரும் தன் வருடத்தை இழந்த வலியில்தான் அதை எழுதியிருப்பார்.

மாமாவின் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். எந்த ஊர்ப் பரீட்சை நிலையத்தில் இருந்து எழுதுகிறீர்கள் என்பதால் உங்கள் மாவட்டம் மாறாது. எங்கே படித்தீர்கள், குடும்பம் எங்கே வசிக்கிறது என்பவற்றைச் சான்றுகளோடு பார்த்துத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்டத்தைத் தீர்மானிக்கிறது. யாருடையவோ வீட்டு முகவரியில் கிராம சேவகர் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்ச் சான்று பிடிபட்டால் தெரிவே இல்லாமல் போகும். உள்ளே போய் இரண்டு வருடம் கழித்துப் பிடிபட்டாலும் நிலைமை அதுதான்.

வெட்டுப்புள்ளி என்றால் என்ன

"கடந்த முறை வெட்டுப்புள்ளியைவிட 0.04 குறைவு, அதனால் எனக்குக் கிடைக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவு கட்ட இன்னும் நேரம் வரவில்லை. வெட்டுப்புள்ளி என்பது யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து தீர்மானித்த எல்லை அல்ல. எல்லோரும் விண்ணப்பித்து, இடங்கள் நிரம்பிய பிறகு, உங்கள் மாவட்டத்திலிருந்து அந்தப் பாடநெறிக்குக் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் புள்ளி எதுவோ அதுதான் அந்த வருடத்து வெட்டுப்புள்ளி. இடங்கள் கூடினால் அது இறங்கும். நல்ல புள்ளிக்காரர் சிலர் வேறு தெரிவை முன்னால் போட்டாலும் இறங்கும். ஏறவும் செய்யும். கடந்த முறையின் எண் ஒரு திசைகாட்டி மட்டும்தான்.

0.04 என்பது எவ்வளவு சின்னது என்பதையும் பாருங்கள். மூன்று பாடங்களின் சராசரியில் 0.04 என்றால் கூட்டுத்தொகையில் 0.12. நான் மேலே வைத்த கற்பனை எண்படி இரசாயனவியலில் இரண்டு புள்ளி. ஒரு பல்தேர்வு வினா, ஒரு சமன்பாட்டில் விட்டுப்போன குறி. இது வயிற்றைப் பிசையத்தான் செய்யும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு புள்ளி உங்கள் அறிவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அந்த வருடத்து வரிசையில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

மீள்பரிசீலனை: அம்மா சொல்வதைச் செய்யுங்கள். இவ்வளவு சின்ன இடைவெளியில் நிற்பவர் அதைச் செய்யாமல் விடக்கூடாது. கூட்டல் பிழையோ திருத்தாமல் விட்ட பக்கமோ இருந்தால் அகப்படும், புள்ளி மாறினால் இசட் புள்ளியும் மாறும். பெறுபேற்றோடு அறிவிக்கும் முடிவுத்திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அது நீண்ட காலம் திறந்திருக்காது. ஆனால் பெரும்பாலானோருக்கு மாற்றம் எதுவும் வருவதில்லை. அந்தக் கடதாசியை எதிர்பார்த்து மற்ற வேலைகளை நிறுத்திவைக்காதீர்கள்.

பௌதிகவியலை மட்டும் திரும்ப எழுதுவது: பல்கலைக்கழகத் தெரிவுக்கு இது பயன்படாது. மூன்று பாடங்களும் ஒரே அமர்வில் எழுதியவையாக இருக்க வேண்டும். ஒரு வருடத்து ஏயை இன்னொரு வருடத்து பியோடு சேர்க்க முடியாது. மூன்றிலும் குறைந்தது எஸ் வேண்டும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். திரும்ப எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

மூன்றாம் தரம்: உங்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூன்று தடவைக்கு மேல் பல்கலைக்கழகத் தெரிவுக்குக் கணக்கெடுக்க மாட்டார்கள் என்பதால் அதுவே கடைசி. எழுதினால் புள்ளி கூடலாம், குறையவும் கூடும், ஏனென்றால் அந்த வருடத்தில் எழுதுபவர்களோடு புதிதாகப் போட்டியிடுகிறீர்கள். காலத்தையும் யோசியுங்கள். பரீட்சைகளும் தெரிவும் தள்ளிப்போவதை உங்கள் தலைமுறை நன்றாகவே கண்டுவிட்டது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. எழுதி, பெறுபேறு வந்து, பீடத்தின் வாசலை மிதிக்கும்போது இன்னும் இரண்டு வருடம்வரை கழிந்திருக்கலாம்.

எழுதுவதென்று முடிவெடுத்தால் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். "உயிரியலில் ஏ வந்துவிட்டது, இனி பௌதிகவியல் மட்டும் பார்த்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எழுத்தின் கணக்கு. இசட்டின் கணக்கு வேறு. எனது அதே கற்பனை எண்களில் பௌதிகவியலை 65இலிருந்து 75க்கு உயர்த்தி பியை ஏ ஆக்கினால் மொத்த இசட் ஏறத்தாழ 0.19 கூடும். உயிரியலை 76இலிருந்து 90க்கு உயர்த்தினால் எழுத்தில் ஒன்றுமே மாறாது, ஆனால் இசட் 0.23 கூடும். உங்களுக்குக் கைவந்த பாடத்தில் மேலும் ஏறுவதுதான் பல வேளைகளில் இலகு. இதை ரியூசன் வகுப்பில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

கிடைப்பதை ஏற்பது: பல்கலைக்கழகம் என்றால் மருத்துவம், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்ற மாதிரிதான் உங்கள் கடிதம் முழுவதும் இருக்கிறது. நான்கு பக்கத்தில் வேறொரு பாடநெறியின் பெயர்கூட இல்லை. உயிரியல் பிரிவில் பல் மருத்துவம், மிருக வைத்தியம், தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிரியக்கவியல், விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் என்று நீளமான வரிசை இருக்கிறது. தாதியியலை உங்கள் மாவட்டத்திலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். சித்த மருத்துவத்துக்குத் திருகோணமலை வளாகம் இருக்கிறது, யாழ்ப்பாணம் இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசைக்கு வெள்ளை அங்கி போட்டவர் ஒருவர் மட்டும் பதில் இல்லை. எந்த வைத்தியசாலை வார்ட்டிலும் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள், நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர் யாரென்று தெரியும்.

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணமில்லை. மகாபொல போன்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவின் கையைப் பார்க்கும் ஒரு வீட்டில், ஒரு வருட ரியூசன் செலவையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அதை யாரும் பேசவில்லை என்றீர்கள். நீங்களே பேசத் தொடங்குங்கள். 20 வயதுப் பிள்ளை "அப்பா, எவ்வளவு முடியும்?" என்று நேரே கேட்டால் பெரும்பாலான அப்பாமார் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் கடன் வாங்குவதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

என் எண்ணம்

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்த வருடத்துப் பெறுபேற்றை வைத்து முழு விண்ணப்பத்தையும் போடுங்கள். மருத்துவத்தை முதலில் போடுங்கள், உங்களுக்குப் பிடித்த வரிசைப்படி மற்றவற்றையும் ஒன்றும் விடாமல் போடுங்கள். ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீட்டு இலக்கம் இருக்கும். அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் பார்த்து இரண்டு தடவை சரிபாருங்கள், ஒரு எழுத்துப் பிழையால் வேறு பீடத்துக்குப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். கீழே ஒரு தெரிவைப் போட்டதால் மேலே உள்ள தெரிவுக்கான வாய்ப்புக் குறையாது. மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். "நிறையப் போட்டால் சின்னதைத் தந்துவிடுவார்கள்" என்ற பயத்தால் மருத்துவத்தை மட்டும் போட்டு, கடைசியில் ஒன்றும் இல்லாமல் நின்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெற்றிடம் நிரப்பும்போது வரும் அழைப்பும் நீங்கள் போட்ட தெரிவுகளை வைத்துத்தான் வரும்.

இதனிடையே அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் திகதி வெட்டுப்புள்ளி வெளியாகும் முன்னரே வரலாம். அதைத் தவறவிடாதீர்கள். படிப்பையும் முழுதாக விட்டுவிடாதீர்கள், காலையில் இரண்டு மணி நேரம் உயிரியலுக்கு ஒதுக்குங்கள். வெட்டுப்புள்ளி வந்து மருத்துவம் கிடைத்தால் சந்தோசம். கிடைக்காமல் உங்களுக்கு மனம் ஒப்பும் வேறொன்று கிடைத்தால், அதை ஏற்கும்படிதான் நான் சொல்வேன். மூன்றாம் தரம் உங்களுக்குச் சாத்தியமானதுதான். ஆனால் கடைசி வாய்ப்பு என்ற பாரத்தோடு, செலவு என்ற இன்னொரு பாரத்தையும் சுமந்து எழுதவேண்டியிருக்கும். அந்த இரண்டையும் சுமந்து எழுதிய பிள்ளைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஏதோவொரு பாடநெறிக்குப் பதிவு செய்துவிட்டு, பின்னர் வேறொரு வருடத்துப் பெறுபேற்றோடு மறுபடியும் தெரிவுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் கைநூலில் அந்தப் பகுதியைப் படியுங்கள். அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

மீள்பரிசீலனை விண்ணப்பத்தை இந்தக் கிழமையே போட்டுவிடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பியதும் அனுப்பும் முன் ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள். தெரிவு வரிசையை இருவரும் ஒருமுறை சேர்ந்து பார்க்கலாம். கைநூலைப் படிக்கும்போது அம்மப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஐம்பது வருடத்துக்கு முன் அவருக்கு யாரும் இப்படி ஒரு புத்தகத்தைக் காட்டி, உங்கள் இடம் இன்ன கணக்கில் போனது என்று விளக்கியிருக்க மாட்டார்கள்.